பெரட்டுக் களத்தில் நான் பார்த்தது

கொஸ்லந்த
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் சுரேசுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அக்கா கலாராணியும் அவள் பிள்ளைகளும் மாரியம்மன் துணையில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே உனக்கு இருமல் விட்டதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் எந்நேரமும் என் நினைப்பு. இங்கே மழை பிடித்துக்கொண்டது. மேல் லய வீடுகளில் இருக்கிற ஆட்களைப் பள்ளிக்கூடத்தில் போய்ப் படுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மீரியபெத்தையில் மண் சரிந்து அத்தனை பேரை மூடியதற்குப் பிறகு மழை கொஞ்சம் பலத்தாலே எல்லோருடைய காதும் மலைப்பக்கம் போய்விடுகிறது. நம் பக்கம் பயமில்லை என்று அக்காவின் வீட்டுக்காரர் சொல்கிறார், நீ அங்கே செய்தியைப் பார்த்துவிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

தம்பி, நாம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் பேசுகிறோம். ஆனால் உன்னுடைய இரண்டாவது விசாரணை முடிந்ததிலிருந்து நீயும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. பனி, வேலை, பருப்பு வேகவில்லை என்று பேசிவிட்டு வைத்துவிடுகிறோம். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைப் பேச எனக்கு வரவில்லை. எழுதினால் வரும் போல இருந்தது, அதனால் எழுதுகிறேன். நீ தனியாக இருக்கும்போது வாசி.

முதல் விசாரணையில் நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் என் பக்கத்தில் அது எப்படி இருந்தது என்று தெரியாது. அகதியாக உன்னை ஏற்பதா திருப்பி அனுப்புவதா என்று கேட்கிற இடத்தில் அம்மாவும் சாட்சி சொல்ல வேண்டும் என்றாய். பதுளை பஜாரில் போட்டோ கொப்பி எடுக்கிற லத்தீப் நானா கடையின் பின் அறையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு முகமும் தெரியவில்லை, குரல்கள் மட்டும். என் பேச்சை ஆங்கிலத்தில் சொன்ன தம்பி வடக்குப் பக்கத்துத் தமிழ் பேசுகிறவர். மரியாதையாகத்தான் பேசினார். மூத்த மகனைக் கொண்டுபோன நேரம் நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று கேட்டார். "பெரட்டுல நின்னேங்க" என்றேன். அவர் அதை எப்படிச் சொன்னாரோ, அந்தப் பக்கத்தில் விசாரிக்கிறவரின் குரல் மாறிப்போனது. "அந்த அணிவகுப்பை ஆரம்மா நடத்தினது?" என்று இந்தத் தம்பி கேட்டார். அணிவகுப்பு என்றால் பெரட்டுக்குப் படித்தவர்கள் சொல்கிற சொல் என்று நான் எடுத்துக்கொண்டேன். "கங்காணி ஐயாதாங்க, பேர் கூப்பிடுவாரு, நாங்க வரிசையா நிப்போம்" என்றேன். கையில் என்ன இருந்தது என்றார்கள். "பொம்பளைங்க கூடை வச்சிருப்போம், ஆம்பளைங்க கவ்வாத்துக் கத்தி வச்சிருப்பாங்க" என்றேன். அந்தப் பக்கம் தட்டெழுதுகிற சத்தம் கேட்டது. நான் நன்றாகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் மகனே. பிறகு வெளிச்சமா இருட்டா என்று கேட்டார்கள். நல்லா விடிஞ்சிருச்சு என்றேன். நீ அவர்களிடம் இருட்டு என்று சொல்லியிருந்தாய் என்பது எனக்கு எப்படித் தெரியும். தேயிலைச் செடியை வெட்டுகிற கத்தி ஆயுதமாகி, காலையில் வேலை பிரிக்கப் பேர் கூப்பிடுகிற இடம் பட்டாளமாகி, அம்மாவும் மகனும் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள், நம்ப முடியாது என்று முடிவு வந்தது. அன்றைக்கு நீ போனில் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. உன் அப்பா, "நம்ம பையன் பொய் சொல்ல மாட்டான்னு அவங்களுக்கு யாராச்சும் சொல்லக்கூடாதா" என்று என்னைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்.

அப்பாவைப் பற்றி இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். கொழும்பில் கடை வேலையில் இருந்து தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த உன் அண்ணன் புவனேந்திரனை, யாரோ வேனில் வந்து நம் லயத்துக் காம்பராவுக்குள் நுழைந்து கூட்டிப் போனபோது கூட இருந்தவன் நீ மட்டும்தான், சின்னப் பிள்ளை. "அண்ணன் சட்ட மாத்திக்கிறேன்னாரு, அவங்க மாத்திக்கிட்டு வா தம்பின்னு நின்னாங்க" என்று நீ சொன்னாய். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் உன் அப்பா முருகையா அத்தனை வருஷம் உயிரோடு இருந்தார். "மரியாதையாக் கூட்டிட்டுப் போனவங்க மரியாதையா விட்ருவாங்க" என்பார். பொலிசுக்குப் போனார், கொழும்புக்குப் போனார், போன இடமெல்லாம் எங்காவது வெளிநாட்டில் இருப்பான் என்று சொல்லி அனுப்பினார்கள், அதையும் நம்பினார். தீபாவளிக்குத் தீபாவளி பெரியவனுக்கும் ஒரு சட்டை எடுத்து வைப்பார். பொழுது சாய்ந்தால் பஸ் நிற்கிற இடத்தில் போய் நிற்பார். காணாமல் போனவர்களுக்காக நடந்த ஊர்வலத்தில் நீ அண்ணன் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதற்கு இரண்டு பேர் வீடு தேடி வந்து, "அண்ணன் போன எடத்துக்குப் போக ஆசையா தம்பி" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்களே, அப்போதுகூட உன் அப்பா அவர்கள் பின்னாலேயே ஓடி, "ஐயா, அப்ப அவன் இருக்கிற எடம் உங்களுக்குத் தெரியுமாங்க" என்று கேட்டார். உன்னை அனுப்பியே ஆக வேண்டும் என்று நான் முடிவு செய்தது அன்றைக்குத்தான். போன வருஷம் ஆஸ்பத்திரியில் கண் மூடுவதற்கு முன்னால் என்னிடம் சொன்னது, பெரியவன் வந்தால் கதவைத் திறந்து விடு என்பதுதான். நீ வர முடியாமல் அங்கே தவித்ததும் எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகுதான் உன் வக்கீல் அம்மா முதல் விசாரணையின் பதிவை நம் பக்கத்து ஆள் ஒருவரைக் கேட்கவைத்து, எங்கே பிசகியது என்று கண்டுபிடித்து, மறுபடி விசாரிக்க வைத்தார். இந்தத் தடவை திரையில் முகங்கள் தெரிந்தன. உங்களுக்குக் காலை, எங்களுக்குப் பொழுது சாய்கிற நேரம். லத்தீப் நானா கடையைச் சாத்தி ஆட்களை அனுப்பிவிட்டார். அவர் வீட்டம்மா ஸுபைரா ப்ளேன்டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "பயப்படாதீங்க, நாங்க வெளியிலதான் இருக்கோம்" என்று அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். சாட்சி தனியாகத்தான் இருக்க வேண்டுமாம். மொழிபெயர்க்க வந்த பிள்ளை முதலில் என்னிடம், "அம்மா, நான் பேசுறது வெளங்குதுங்களா? உங்க பேச்சு எனக்கு வெளங்கலைன்னா நிறுத்தித் திருப்பிக் கேப்பேன், கோவிச்சுக்காதீங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பாதி பயம் போனது. பெரட்டு என்று நான் சொன்னதும் அவள் நிறுத்தி, இது என்ன சொல் என்று விளக்க வேண்டும் என்று அவர்களிடம் அனுமதி கேட்டு, என்னையும் கேட்டு, நிதானமாகச் சொன்னாள். விசாரித்த அம்மா தலை நரைத்தவர். திகதி ஞாபகம் இல்லையென்றால் பரவாயில்லை, அப்போது தோட்டத்தில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள் என்றார். "தீவாளி முடிஞ்சு மொதப் பெரட்டுங்க" என்றேன். மகன் இருட்டு என்கிறார், நீங்கள் விடிந்துவிட்டது என்கிறீர்கள், நீங்கள் நின்ற இடம் எது, அவர் நின்ற இடம் எது என்று கேட்டார். "அவன் நின்னது காம்பராவுக்குள்ளங்க, அதுக்கு சன்னல் இல்லைங்க. நான் வெளிய களத்துல நின்னேங்க" என்றேன். அவர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். முதல் தடவையே யாராவது இதைக் கேட்டிருந்தால் அப்பா இருக்கும்போதே உனக்கு நல்லது நடந்திருக்கும். அதை நினைத்து என்ன செய்வது.

பிறகுதான் அவர் அதைக் கேட்டார். வேனுக்குள் இருந்தது உங்கள் மகன்தான் என்று எப்படித் தெரியும் என்று. சுரேஸ், நான் சொன்னதை நீ திரையில் கேட்டாய், ஆனால் உன்னிடம் நான் சொல்லவில்லை. அதனால் இப்போது உனக்காகச் சொல்கிறேன். களத்துக்குக் கீழே ரோடு வளைகிற முடக்கில் அந்த வேன் மெதுவாகத்தான் திரும்பியது. பனி இறங்கியிருந்தது. பின் கண்ணாடியில் ஒரு உள்ளங்கை ஒட்டிக்கொண்டிருந்தது. அண்ணனுக்கு நீட்ட முடியாமல் வளைந்த சுண்டுவிரல் இருக்குமே, அந்த விரல் அப்படியே கண்ணாடியைத் தொடாமல் வளைந்து நின்றது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கை வந்து அதை மூடியது. அவன் கை தானாக இறங்கவில்லை மகனே. இழுத்து இறக்கினார்கள். விரல் இழுபட்ட தடம் மட்டும் கண்ணாடியில் இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கங்காணி, "லெட்சுமி" என்று பேர் கூப்பிட்டார். "இருக்கேங்க" என்று என் வாய் சொன்னது. பிறகுதான் கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். வேன் போய்விட்டது.

இதை ஏன் முன்பு சொல்லவில்லை என்று அந்த அம்மா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "அவங்கப்பா உசுரோட இருக்கிற வரைக்கும் நான் வாயத் தொறக்க முடியாதுங்க. பையன் வருவான்னு நம்பித்தான் அவரு சோறு தின்னாரு" என்றேன். மொழிபெயர்த்த பிள்ளை தண்ணீர் குடித்துவிட்டுத்தான் அதைச் சொன்னாள். விசாரித்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சற்று நேரம் எல்லோரும் எழுந்து போய் வரலாம் என்றார். நீ மட்டும் எழவில்லை. குனிந்திருந்த உன் தலைமுடிதான் எனக்குத் தெரிந்தது. உன்னைத் தொட முடியாமல் அந்தத் திரையைத் தொட்டேன், அது சூடாக இருந்தது.

அன்றைக்கு லத்தீப் நானா வீட்டிலேயே தங்கிவிட்டு மறுநாள் புறப்பட்டோம். அப்புத்தளை தாண்டியதும் பஸ்ஸுக்குள்ளும் பனி வந்துவிட்டது. முன் சீட்டில் தாய் மடியில் இருந்த ஒரு பெண் குழந்தை கண்ணாடியில் கையை வைத்து வைத்து எடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தது. நான் பெல் அடித்துப் பாதி வழியில் பெரகலையில் இறங்கிவிட்டேன். அக்கா பின்னாலேயே இறங்கி, "என்னம்மா, என்னம்மா" என்று உலுக்கினாள். அவளுக்கும் அப்போதுதான் சொன்னேன். இரண்டு பேரும் ரோட்டோரம் நின்று அடுத்த பஸ்ஸில் வந்தோம். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்கிறார்கள். எனக்கு அப்படி இல்லை. முன்பு அந்தக் கை களத்தில் மட்டும்தான் இருந்தது. இப்போது எந்த வாகனத்தின் பின் கண்ணாடியிலும் முதலில் அதைத்தான் தேடுகிறேன். நீ இதற்காகக் கவலைப்பட வேண்டாம், உனக்கும் அப்படி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன். இருந்தால் சொல்லு.

முடிவு வந்த அன்று நீ அனுப்பியதை அக்கா தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டேன். உன்னை ஏற்றுக்கொண்டார்கள் என்றதும் மாரியம்மனைக் கும்பிட்டேன். அதில் இன்னொரு வரியும் இருந்தது. சாட்சியின் மூத்த மகன் அவருடைய கண் முன்னால் பலவந்தமாகக் கொண்டுசெல்லப்பட்டார் என்பதை நான் நம்புகிறேன் என்று விசாரித்த அந்த அம்மா எழுதியிருக்கிறார். இத்தனை வருஷத்தில் அதை நம்புகிறேன் என்று எழுதித் தந்த முதல் ஆள் அவர்தான். அக்காவை அந்த வரியை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னேன். சந்தோஷம்தான் வர வேண்டும், வரவில்லை. யாரும் நம்பாமல் இருந்தவரைக்கும் சில நாள் நானும் நம்பாமல் இருந்து பார்த்தேன், பனியில் கண் தப்பியிருக்கும் என்று. இனி அப்படி இருக்க முடியாது.

விசாரணைகளை இன்னும் நியாயமாக நடத்துவதற்கு விசாரிக்கிறவர்களையும் மொழிபெயர்க்கிறவர்களையும் கூட்டிப் பேசப் போகிறார்கள், அங்கே உங்கள் கதையைச் சொல்லலாமா என்று வக்கீல் அம்மா கேட்டதாக மெசேஜ் போட்டிருந்தாய். சொல்லட்டும். பெரட்டைச் சொல்லட்டும், சன்னல் இல்லாத காம்பராவைச் சொல்லட்டும். போனைக் காதில் வைத்துக்கொண்டு, தான் சரியாகச் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிற அம்மாக்கள் இன்னும் எத்தனை பேரோ. முதல் தடவை மொழிபெயர்த்த அந்தத் தம்பியைக் குறைவாகப் பேச வேண்டாம் என்று சொல். விளங்காவிட்டால் நிறுத்திக் கேட்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது, அதைச் சொல்லிக்கொடுத்தால் போதும். ஆனால் கண்ணாடியில் நான் பார்த்ததை அந்தக் கூட்டத்தில் சொல்ல வேண்டாம். உன்னைக் காப்பாற்ற வேண்டி ஒரு தடவை சொன்னேன். அது பாடம் நடத்துவதற்கு இல்லை.

அண்ணன் படத்துக்கு இனி மாலை போடுவதா என்று அக்கா மெதுவாகக் கேட்டாள். நான் படத்தைத் துடைத்து இருந்த இடத்திலேயே மாட்டினேன்.

மகனே, குளிரில் தலைக்குத் தொப்பி போடாமல் வெளியே போகாதே. வேலை முடிந்து வந்து தனியாக உட்கார்ந்து யோசிக்காதே, கூடத் தங்கியிருக்கிற பையன்களோடு பேசு. அந்த வக்கீல் அம்மாவுக்கும் மொழிபெயர்த்த பிள்ளைக்கும் என் கும்பிடைச் சொல். மாரியம்மன் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல உறக்கத்தையும் தரட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. அங்கேயே தங்குவதற்கு இனி எழுதிக் கொடுக்கும்போது கூடப்பிறந்தவர்கள் யார் யார் என்று கேட்பார்களாம். அக்கா பேரை எழுது, அண்ணன் பேரையும் எழுது. இருக்கிறார் என்றும் எழுதாதே, இல்லை என்றும் எழுதாதே. பேரை மட்டும் எழுது.

உங்கள் மூன்று பேருக்கும் அம்மா,
லெட்சுமி