நாற்பத்தொன்றாம் படகு

தை 19, திங்கள்

பனி. ஏழரை வரை, வானத்திலிருந்து வந்தவர்கள் ஏரியில் நட்ட தூணின் உச்சி தெரியவில்லை. அது தெரியாத நேரம்தான் நல்ல நேரம்.

நாளைய பட்டியல், இரண்டு பிரதி. ஒன்று ஏலக் கொட்டகைக்கு. ஒன்று முகத்துவாரத்தில் தூணுக்கு எதிரே கரையில் நட்டிருக்கும் பலகைக்கு. 40 படகு, யார் யார் ஆள், எந்த இடத்தில் வலை கட்டுவது. பொழுது சாய்வதற்குள் ஒட்டிவிட வேண்டும். பட்டியலில் இல்லாத படகு மறுநாள் ஏரியில் தென்பட்டால் தூணிலிருந்து எரித்துவிடுவார்கள். போன வருடம் மூன்று எரிந்தன.

பாடு என்னும் இந்த முறை வந்தவர்கள் கொண்டுவந்தது இல்லை. இடத்துக்காக ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்ளாமல் இருக்க, முறை வைத்து வலை கட்ட ஊர் தானே போட்டுக்கொண்ட ஏற்பாடு. வந்தவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு வேலை மிச்சம். தபால் ஆபீஸில் முப்பத்தொரு வருடம் இருந்தவன் என்பதால் எழுதும் வேலை எனக்கு. ஊரார் மீன் கொடுக்கிறார்கள். என் முகத்தைப் பார்த்துக் கொடுப்பதில்லை.

பி.பி. மாத்திரை மீதி 9. கடைவாய்ப்பல் வலி. கிராம்பு தீர்ந்தது.

மாலை ஜாபர் வந்தார். பழவேற்காட்டு பஜாரில் எஞ்சின் ரிப்பேர் செய்பவர். "அய்யா, உங்கள ஒருத்தங்க பாக்கணும்ன்றாங்க. நாளிக்கி வாங்க. உஷாரா வாங்க." யார் என்று கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடுமே.

தை 20, செவ்வாய்

காலை பத்து மணி. பழைய ஐஸ் ஃபாக்டரி. நான்கு பேர்.

இவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். வேறு கரைகளில் மூன்று தூண்களைச் சாய்த்தவர்கள். பத்தடி உயரம் இருப்பார்கள் என்று எங்கோ மனதில் இருந்தது. ஒருவர் மலையாளி. ஒருவர் நெல்லூர்ப் பக்கம். ஒருவர் வாயே திறக்கவில்லை, கத்தியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தலைவி ஒரு பெண். முப்பது வயது இருக்கலாம். கழுத்தில் தீக்காயம். தெற்கத்திப் பேச்சு. பெயர் சொல்லவில்லை.

ஏரி முழுவதும் அவருக்குப் பாடம். எங்கே எத்தனை அடி ஆழம், நீர் ஏறுவது எப்போது, தூணின் மேல் இருக்கும் கண் ஒரு சுற்றுச் சுற்ற எத்தனை நிமிடம். வியாழன் விடிகாலை, நாற்பது படகோடு நாற்பத்தொன்றாக இவர்களும். தூணுக்குப் பக்கத்துப் பாடு. அங்கிருந்து நீருக்குள் இறங்குவார்கள். மூச்சடக்கி நான்கு நிமிடம் இருப்பார்களாம். எனக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு.

என் வேலை: பலகைக்குப் போகும் பிரதியில் ஒரு வரி கூட்டுவது. அவ்வளவுதான்.

"வியாழக்கிழம வலை போகாம நின்னுபோற மாதிரி ஏதும் இருக்கா, ஐயா?"

நோட்டைப் புரட்டினேன். ஊர் வலை போடாத நாட்கள் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கின்றன. பொங்கல், அம்மன் கூழ், மாதா கோயில் கொடி. எதுவும் இந்த வாரத்தில் இல்லை. "இல்லை" என்றேன். சந்தேகமே இல்லாமல் நான் சொன்ன பதில்கள் வாழ்நாளில் குறைவு. இது ஒன்று.

"நல்லது. என்ன நடந்தாலும் எங்களத் தேடி இங்க வராதீங்க. தெனமும் என்ன செய்வீங்களோ அதையே செய்ங்க. அது போதும்."

நான்கு பெயர் வேண்டும் என்றார். முருகேசன், தாஸ், கோட்டையா என்றேன். நான்காவது அவருக்கு. ஆண் பெயராக இருக்க வேண்டும். தேசப்பன் என்றேன். "தேசப்பனா!" சிரித்தார். மற்ற மூவரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சிரித்து நாளாகியிருக்கும் போல.

தலைக்குத் துண்டு எப்படிக் கட்டுவது என்று கேட்டார். வலைக்காரர்கள் கட்டும் முறை எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் கூச்சம். தபால் மூட்டைக்குப் போடும் முடிச்சைப் போட்டுவிட்டேன்.

தை 21, புதன்

காற்று இல்லை. மாத்திரை 7.

இரண்டு பிரதி. கொட்டகைக்கு 40 வரி. பலகைக்கு 41. ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு பிரதிகள் எழுதியது இதுதான் முதல் முறை. 41-ஆம் வரி மட்டும் கோணியது. மீண்டும் எழுதினேன். பகல் 12க்கு ஒட்டிவிட்டு வந்தேன். கண் சுற்றிக்கொண்டிருந்தது. ஒன்றும் ஆகவில்லை. மனதுக்குள் கொஞ்சம் கர்வம். எழுதிவைக்கிறேன், மறைப்பானேன்.

ம. 3. கன்னியப்பன் இறந்துவிட்டான். வயது 71. வலை பிரித்துக்கொண்டே சாய்ந்தானாம். போன மாதம் என் பட்டியல் மேல் காறித் துப்பியவன்.

ஊரில் சாவு விழுந்தால் மறுநாள் முழுக்க வலை கிடையாது. ஒரு படகும் இறங்காது. குழந்தைக்கும் தெரியும். என் நோட்டில் இல்லை. முன்கூட்டித் தேதி போட முடியாததை நான் எழுதுவதில்லை.

ஏழுமலை நாட்டாரிடம் போனேன். ஊர்ப் பெரியதனம் அவருக்கு. நாளை காலை மட்டும் படகுகளை அனுப்பலாமா, இறால் நன்றாக இருக்கிறது என்று சொல்கிறார்களே என்றேன்.

"இன்னா போஸ்ட்மாஸ்டரு, பொணம் கீற ஊர்ல வலையா? உனுக்கு இன்னாத்துக்கு எறா? பல்லே இல்ல."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சாவு வீட்டு வாசலில். காரணத்தைச் சொன்னால் நாற்பது வீட்டுக்கும் தெரியும். காட்டிக்கொடுக்க நாற்பதில் ஒன்று போதும். சொல்லவில்லை.

"காலைல எடுத்துட்டு சாங்காலம் தல முய்வணும். நாளிக்கி பாடு இல்லனு போய் எய்து. அத்த ஒயுங்கா செய்."

ஜாபர் கடைக்குப் போனேன். பூட்டு. பக்கத்துக் கடைக்காரர் சொன்னார்: "டீசல் எடுக்க சுண்ணாம்புக்குளம் போயிக்கிறாரு. நாளிக்கித்தான் வருவாரு."

ம. 5.10. ஐஸ் ஃபாக்டரிப் பாதையில் நடந்தேன். பாதி தூரம், கருவேலங்காட்டுத் திருப்பம் வரை. கண் இந்தப் பக்கம் திரும்பியது. தேடி வராதீங்க என்று சொல்லியிருக்கிறாரே என்று நினைத்தேன். என்ன நடந்தாலும் என்றாரே. இத்தனை தெரிந்தவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும் என்றும் நினைத்தேன். திரும்பினேன்.

ம. 5.50. பலகையில் இருந்த தாளைக் கிழித்தேன். "நாளை பாடு இல்லை" ஒட்டினேன். தினமும் செய்வதைச் செய்தேன்.

தை 22, வியாழன்

கடும் பனி. பத்தடிக்கு மேல் தெரியவில்லை.

கன்னியப்பனைக் காலையிலேயே எடுத்தார்கள். கரையோரமாகத்தான் ஊர்வலம். மேளம். நானும் போனேன். போகாவிட்டால் கேட்பார்கள். நாற்பது படகும் மணலில் கவிழ்ந்து கிடந்தன. பனிக்குள் எங்கோ துடுப்புச் சத்தம். மேளத்துக்கு நடுவே எனக்கு மட்டும் கேட்டதா, தெரியாது.

சுற்றிலும் நாற்பது படகு இருக்கிறது என்று நினைத்துத்தானே போயிருப்பார்கள். பனியில் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இருக்கும் என்று. ஊரில் மேளம் கேட்டிருக்கும். சாவு மேளம் கேட்டால் அன்று படகு இறங்காது என்று அவர்களுக்கு யார் சொன்னது.

7.20. பனி ஒரேயடியாக விலகியது. தட்டுப் போல ஏரி. நடுவில் ஒரே ஒரு படகு. தூணுக்கு இன்னும் முந்நூறு அடி.

மேளம் நின்றது. "யார்றா அது? இன்னிக்கிப் போயி..." என்று யாரோ.

படகில் நான்கு பேரும் எழுந்து நின்றார்கள். இருவர் நீரில் குதித்தார்கள். துண்டு கட்டிய ஒருவர் எங்கள் கரையைத் திரும்பிப் பார்த்தார். தூணிலிருந்து ஒரு வெளிச்சம். கண் சிமிட்டுவது போல. சத்தம் இல்லை. பிறகு நீராவி.

நாட்டார் கை காட்டினார். மேளம் மீண்டும் ஆரம்பித்தது.

ம. 2. இப்போதுதான் தோன்றுகிறது. நேற்று முழுத் தாளையும் கிழித்திருக்க வேண்டாம். 41-ஐ மட்டும் விட்டிருக்கலாம். ஒரு வரி. பட்டியலில் இருக்கும் படகு, தனியாக இருந்தாலும் எரிந்திருக்காது. சந்தேகப்பட்டிருக்கலாம், ஆனால் அந்த முந்நூறு அடி கிடைத்திருக்கும். நேற்று ஏன் தோன்றவில்லை? பாடு இல்லை என்றால் யாருக்கும் இல்லை என்று கை பழகிவிட்டது. கை மட்டும்தானா.

சாப்பிடவில்லை. மாத்திரை மட்டும்.

தை 23, வெள்ளி

வெயில்.

வந்தவர்கள் விடிகாலையில் நான்கு உடல்களையும் ஏலக் கொட்டகைச் சிமெண்ட் தரையில், மீன் கொட்டும் இடத்தில், வரிசையாகக் கிடத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். பார்க்கட்டும் என்று. வாய் திறக்காதவர் கையில் கத்தி இருந்தது. தேசப்பன் தலையில் துண்டு பாதி கருகியிருந்தது. முடிச்சு அவிழவில்லை. தபால் மூட்டை முடிச்சு அவிழாது.

ஜாபர் வந்து பார்த்தார். என்னையும் பார்த்தார். "அய்யா, ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல." அவ்வளவுதான் சொன்னார். திரும்பி நடந்துவிட்டார்.

ஊர் கூடியது. நாளைக்குப் பாடு உண்டா இல்லையா. நான்கு பிணம் ஊரில் கிடக்கிறதே.

மீன் விற்கும் மல்லிகா: "யார் பெத்த புள்ளைங்களோ. ஒரு நாளு வலை போடலன்னா செத்தா பூடுவோம்?"

"உன் வூட்டு அடுப்பு எரியுது, பேசற," என்றான் ஒருவன்.

"எரிஞ்சது என் அடுப்பாடா? அங்க பார்றா எரிஞ்சத."

நாட்டார் கையைத் தூக்கினார். "எரக்கம் வேற, மொற வேற. பொதைக்கிறோம், ஒயுங்கா பொதைக்கிறோம். ஆனா ஊர்ச் சாவுனா யாரு? பாடு பட்டியல்ல பேரு கீறவன். அவன் செத்தா வலை நிக்கும். நேத்து வந்தவனா இருந்தாலும் சரி, பேரு இருந்தா நம்ம ஆளு." என்னைப் பார்த்தார். வருடக்கணக்கில் இல்லாத அதிசயமாக எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "இன்னா போஸ்ட்மாஸ்டரு. இவுங்க பேரு எதுனா உன் பட்டியல்ல கீதா?"

இருந்தது. முருகேசன், தாஸ், கோட்டையா, தேசப்பன். என் கையெழுத்தில். புதன் பகல் 12 முதல் மாலை 5.50 வரை இருந்தது. கிழித்த தாள் என் சட்டைப் பையில் மடித்து இருந்தது, அப்போதும். ஒரு சொல் போதும். நாளை நாற்பது படகும் மணலில் கிடக்கும். அவர்களுக்காக.

கொட்டகைக் கம்பத்தில் இன்னும் ஒட்டியிருந்த புதன்கிழமைப் பிரதியைப் பார்த்தேன். அதில் 40.

"இல்ல" என்றேன்.

"அப்போ பாடு உண்டு."

சவுக்குத் தோப்புக்குப் பின்னால் புதைத்தார்கள். மல்லிகாவும் இன்னும் இரண்டு பெண்களும் மணல் போட்டார்கள். ஜாபர் கடை சாத்தியிருந்தது. நாளையும் திறக்க மாட்டாராம்.

ம. 4. நாளைய பட்டியல், இரண்டு பிரதி. சரிபார்த்தேன். இரண்டும் பொருந்துகின்றன. தூணுக்குப் பக்கத்துப் பாடு நாளை கன்னியப்பன் மகனுக்கு. 40-க்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன்.