நீ மாற்றிச் சொன்ன குற்றவாளி

என் பிரியமான ஏழுமலை அண்ணா,

நீ போன பிறகும் அந்தத் தொடர் வருகிறது. ஞாயிறு காலையில் மறு ஒளிபரப்பு. சென்னையில் எங்கள் விடுதிக் கூடத்தில் பெண்கள் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே பார்க்கிறார்கள். நானும் பார்க்கிறேன். பார்க்கக் கூடாது என்று ஒவ்வொரு வாரமும் நினைக்கிறேன்.

அதே இந்தி. அதே ஒல்லி அதிகாரி. கொலை நடந்த அறையில் எதையும் தொடாமல் நிற்கிறார். கவிழ்ந்த தம்ளரைப் பார்க்கிறார். மடித்து வைத்த போர்வையைப் பார்க்கிறார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, செய்தவன் எப்படிப்பட்டவன் என்று சொல்லத் தொடங்குகிறார். எதற்குப் பயப்படுவான், யாரிடம் சிரிப்பான். ஆளைப் பார்க்காமலே.

உனக்கு அது ஏன் அவ்வளவு பிடித்தது என்று ஒருமுறை கேட்டேன். கூட்டேரிப்பட்டில் பஸ்ஸுக்கு நின்றிருந்தோம். நீ திண்டிவனம் மண்டிக்கு மூட்டை தூக்கப் போகிறாய். நான் காலேஜுக்கு.

"நம்ம ஊரு போலீஸு மொதல்ல அடிப்பான். அப்பறந்தான் பேரே கேப்பான். இந்தாளு உக்காந்து யோசிக்கிறான் பாரு பாப்பா, அதான்."

ஊரில் ஒரே டிவி, பழைய மணியக்காரர் வீட்டில். உள்ளே நாற்காலிகளில் அவர் குடும்பமும் ஊர்த்தெருக்காரர்களும். வெளியே வெயிலில், காலனியிலிருந்து போன நாம். ஆனால் உள்ளே யாருக்கும் இந்தி தெரியாது. பம்பாய் தோல் கிடங்கில் வேலை பார்த்துவிட்டு வந்த உனக்குத்தான் தெரியும். அதனால் உன்னை மட்டும் வாசற்படி வரைக்கும் விட்டார்கள். படிக்கு மேலே இல்லை.

"டேய் ஏழுமல, இன்னாடா சொல்றான்?"

"செஞ்சவன் தனி ஆளாம்ங்க. கல்யாணம் ஆவாதவன். வெளியூரு சுத்திக்கினு வந்தவன். கூலி வேல."

"பின்ன? குடும்பஸ்தன் செய்வானா இந்த வேலய?" என்பார் மணியக்காரர் மனைவி.

கதை முடிவில் கோட்டுப் போட்ட ஒருவனைப் பிடிப்பார்கள். "இவன் வேலக்காரன்தாங்க. மொதலாளி கோட்ட எடுத்து மாட்டிக்கினு கீறான்," என்பாய். எல்லோரும் நம்பினார்கள். நானும்.

"இன்னாடா, வாரா வாரம் ஒன்னையே சொல்ற மாரி கீது!" என்றான் மணியக்காரரின் சின்ன மகன் ஒரு நாள்.

"நானா இருந்தா மொதல்ல இந்த டிவியத்தான் தூக்கினு போவேன் சின்னவரே."

கூடமே சிரித்தது.

பிறகு மணியக்காரர் மனைவியின் தங்கச் சங்கிலி காணாமல் போனது. யாரையும் விசாரிக்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்து, அந்த அதிகாரியைப் போல, யோசித்தார்கள். தனி ஆள். கல்யாணம் ஆகாதவன். வெளியூர் போய் வந்தவன். கூலி. டிவியைத் தூக்குவேன் என்று வாயால் சொன்னவன். ஜீப் வந்தபோது மணியக்காரர் சொன்னது எனக்குக் கேட்டது. "சும்மா சொல்லலிங்க சார். எல்லாமே பொருந்துது."

ஸ்டேஷனிலிருந்து திரும்பிய நீ, அப்புறம் மூட்டை தூக்கவில்லை. மூச்சை இழுத்தால் விலாவில் வலி. கடலைக்கொல்லையில் மல்லாட்டை பிடுங்கும் காலம் வருவதற்குள் போய்விட்டாய். குற்றம் நிரூபிக்கப்படவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை.

பல்கலைக்கழக நூலகத்தில் அந்த அதிகாரி யோசிக்கும் முறையைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. குற்றத்தைப் பார்த்து ஆளை வரைகிறார்கள். நம் ஊரில் ஆள் முன்பே தயார். குற்றம்தான் வர வேண்டியிருந்தது.

போன மாதம் விடுதியில், நீ சொன்ன அதே போர்வைக் கதை வந்தது. பக்கத்தில் என் அறைத்தோழி கமலா. வீட்டில் இந்தி பேசுகிறவள். நான் முந்திக்கொண்டு, "செஞ்சவன் தனி ஆள், வெளியூர் சுத்தினவன்," என்றேன்.

"யார் சொன்னா? அந்த வீட்லயே இருக்கறவன்னு சொல்றார். நல்ல பேர் எடுத்தவன், யாருக்கும் சந்தேகம் வராதுன்னு."

"எங்கண்ணன் அப்படிச் சொல்லலியே."

"அப்போ உங்கண்ணனுக்கு இந்தி தெரியாது."

தெரியும். உனக்கு நன்றாகவே தெரியும். அடுத்த வாரமும் கமலாவைக் கேட்டேன். அதற்கடுத்த வாரமும். ஒரு கதையில் ஜமீன் மகன். ஒன்றில் வக்கீல். கோட்டு எல்லாம் அவரவர் கோட்டுதான் அண்ணா.

அந்த வீட்டுப் படியில் நின்றுகொண்டு, அந்த வீட்டு ஆட்களைப் பார்த்து, செய்தவன் உள்ளேதான் இருக்கிறான் என்று எப்படிச் சொல்வாய்? சொன்னால் யாருக்கும் கோபம் வராத ஓர் ஆள் உனக்கு வேண்டியிருந்தான். உனக்குத் தெரிந்து அப்படி ஒருவன்தான் இருந்தான். பயமா அது? மரியாதையா? அடுத்த வாரமும் பார்க்க விட வேண்டுமே என்றா?

இன்னொரு செய்தி. அம்மா இன்னும் அந்த வீட்டு மாட்டுக் கொட்டகையில்தான் வேலை செய்கிறாள். பொங்கலுக்குப் போனபோது சொன்னாள்.

"சங்கிலி வந்துடுச்சிடி. சின்னவருதான் எடுத்துக்கினு போயி விழுப்புரத்துல அடகு வெச்சிருக்காரு. மீட்டுட்டாங்களாம். அந்தம்மா கழுத்துல பாத்தேன்."

"நம்மகிட்ட வந்து ஒரு வார்த்த சொன்னாங்களா?"

"எதுக்குச் சொல்றாங்க? நீ ஒண்ணும் வாயத் தொறக்காத. படிப்ப முடி."

முற்றம் பெருக்கப் போய்விட்டாள். இப்போதும் தெருவில் உன்னைத் திருட்டு ஏழுமலை என்றுதான் அடையாளம் சொல்கிறார்கள். அம்மா காதுபடவே.

கமலாவிடம் இந்தி கற்றுக்கொள்கிறேன். சீக்கிரமே வருகிறது. இப்போது அந்த வீட்டில் கதை சொல்ல ஆளில்லையாம், படத்தை மட்டும் பார்க்கிறார்களாம். நான் இந்தி படிப்பதைக் கேள்விப்பட்டு, என்னைக் கூப்பிடச் சொல்லி அம்மாவிடம் கேட்டிருக்கிறார்கள்.

போவேன் அண்ணா. லீவுக்கு வரும் முதல் ஞாயிறே போவேன். அந்த அதிகாரி கண்ணை மூடிப் பேசும்போது ஒரு சொல்லும் மாற்றாமல் சொல்வேன். செஞ்சவன் இந்த வீட்லயேதான் இருக்கான் என்று. இன்னாடி சொல்ற என்று மணியக்காரர் எழுந்தால், அதன் பிறகு வருவது டிவியில் இல்லாதது. சின்னவர் முகத்தைப் பார்த்து, அவர் அடகு வைத்த சங்கிலிக்காகச் செத்தவன் என்று உன் பெயரைச் சொல்வேன்.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த,
பாப்பா