வெயில் தேங்கிய சுவர்

போனில் இடம் இல்லையாம். மூன்று நாளாக அதே அறிவிப்பு. படங்களை அழி, அழி என்று நச்சரிக்கிறது. இன்று காலை மோட்டார் போட்டுவிட்டு, எதை அழிக்கலாம் என்று உட்கார்ந்து பார்த்தேன். பேத்தியின் படங்கள் முப்பதோ நாற்பதோ இருந்தன. மற்றதெல்லாம் நீ அனுப்பியவை. ஒன்றில்கூட உன் முகம் இல்லை. எல்லாவற்றிலும் அதே தெர்மாமீட்டர், பாதிப் படங்களில் அதன் ஓரத்தில் காந்தத் துண்டைப் பிடித்த உன் கட்டைவிரல். ஆயிரத்துக்கு மேல் இருக்கும். நகத்தின் நடுவே கறுப்பாக ஒரு கோடு, பஸ் கதவில் நசுங்கியது என்பாயே, அதுவும் தெளிவாகத் தெரிகிறது.

நாம் பழகியதே அந்தத் தெர்மாமீட்டரால்தான். திருக்கனூரில் விவசாயத் துறைக்காரர்கள் விவசாயிகளைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் வைத்தார்கள். தினமும் வெயிலையும் குளிரையும் யார் குறித்துத் தருவீர்கள் என்று கேட்டதும் பன்னிரண்டு பேர் கை தூக்கினோம். நான் தூக்கியது, சீக்கிரம் முடித்துவிட்டுச் சாப்பாடு போடட்டும் என்றுதான். நீ அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்த கண்டக்டர். வேலை முடிந்த பிறகும் கால் சும்மா இருக்காமல், டிக்கெட் கிழித்துப் பழகிய அதே திருக்கனூர் பஸ்ஸில் வில்லியனூரிலிருந்து ஏறி வந்திருக்கிறாய். இறங்கிய இடத்தில் கூட்டம் தெரிந்ததும் உள்ளே நுழைந்துவிட்டாய்.

ஆளுக்கொரு தெர்மாமீட்டரும் ஒரு காந்தமும் கொடுத்தார்கள். வளைந்த கண்ணாடிக் குழாய், உள்ளே இரண்டு சின்ன இரும்பு ஊசிகள். ஒன்று ராத்திரியின் குளிர் எதுவரை போனதோ அங்கே நிற்கும், இன்னொன்று பகல் வெயில் எதுவரை ஏறியதோ அங்கே நிற்கும். காலை எட்டரைக்கு இரண்டையும் குறித்துக்கொண்டு, காந்தத்தால் ஊசிகளைப் பழையபடி பாதரசத்தின் மேல் இழுத்துவிட வேண்டும். இழுக்க மறந்தால் நேற்றைய எண்ணே இன்றும் நிற்கும், அதுதான் இதில் எல்லோரும் செய்யும் தப்பு என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

ஒரு வருஷத்துக்குள் பத்துப் பேர் கழன்றுகொண்டார்கள். ஒருவர் தன்னுடையதை மளிகைக்கடைக் கல்லாவுக்கு மேலே அலங்காரமாக மாட்டிவிட்டார். இன்னொருவர் வீட்டில் எருமை முட்டி உடைந்தது. மிஞ்சியது நாம் இருவர். வில்லியனூருக்குப் பக்கத்தில் நீ, இந்தப் பக்கம் கரையாம்புத்தூர் தாண்டிக் கரும்புக்கு நடுவில் நான்.

எட்டரைக்கு உன் போன் வரும். எடுத்ததும் வணக்கம் கிணக்கம் எதுவும் கிடையாது. ஸ்டாப்பைக் கூவுகிற குரலில், "இருவத்திரெண்டு, இருவத்திரெண்டு. எறங்கறவங்க எறங்கு" என்பாய். நான் என்னுடையதைச் சொல்வேன். முடிக்கும்போது மட்டும் இருவரும் கொஞ்சம் பொறுப்பாகிவிடுவோம்.

"ஊசி இழுத்தாச்சாபா?"

"இழுத்தாச்சி. நீ?"

"இழுத்தாச்சி."

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் டீ குடிப்பதை விட்டுவிடுவாய். இந்தக் கருமத்தையும் நாற்பது நாள் விட்டுவிடேன் என்று ஒருமுறை சொன்னேன். "ஆண்டவரு டீ வேணாம்னு சொன்னா கேப்பேன்பா. தெர்மாமீட்டர் வேணாம்னு சொன்னா, ஏன்னு திருப்பிக் கேப்பேன்" என்றாய். என் மனைவி மகள் வீட்டுக்குக் குழந்தை பார்க்கப் போன பிறகு, ஒரு நாளில் என்னோடு பேசிய ஒரே குரல் உன்னுடையதாக இருந்த நாட்கள் நிறைய. இதை உன்னிடம் சொன்னதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய அந்தப் பங்குனி. பகலில் வெயில் மண்டையைப் பிளந்தது, விடியற்காலையில் போர்வை தேட வேண்டியிருந்தது. அந்தப் பருவத்தில் இந்தப் பக்கம் அப்படி ஒரு குளிரை யாரும் பார்த்ததில்லை. முதல் நாள் காலை உன்னுடையதும் பதினேழு, என்னுடையதும் பதினேழு. "பங்குனியில பதினேழாபா? நம்ம ரெண்டு நோட்டுலயும் இது இல்லவே இல்ல" என்று நீ பூரித்துப் போனாய். நானும்தான்.

அன்று மத்தியானம் என் தெர்மாமீட்டர் தொங்கிய முருங்கைக் கிளை முறிந்தது. நல்லவேளை, உடையவில்லை. எடுத்து மோட்டார் கொட்டகைச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். ஓலைக்கூரை நிழல் இருக்கிறது, இதைவிட நல்ல இடம் ஏது என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். உன்னிடம் சொல்லக்கூடத் தோன்றவில்லை.

மறுநாள் என்னுடையது இருபது. நீ பதினேழு என்றாய். அதற்கடுத்த நாளும் பதினேழு. ஐந்து நாளும் பதினேழு. ஐந்தாம் நாள், விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவில் நாம் இருவரும் எண்களைப் போடும் இடத்தில், நான் எழுதினேன்: "வானம் என்ன உன் பஸ்ஸா, தினமும் அதே ஸ்டாப்பில் நிற்க? ஊசியை இழுக்க மறந்துட்டு நேற்றைய எண்ணையே படிக்கிற."

வரிசையாகச் சிரிக்கிற மஞ்சள் முகங்கள் வந்தன. நீ ஒரே ஒரு வரி போட்டாய்: "தினமும் இழுத்தேன்."

பிறகு போன் செய்தாய். குரலில் கோபம் இல்லை.

"செவுத்துல கிவுத்துல மாட்டிருக்கியாபா? செவுரு சூடு புடிச்சி வச்சிக்கும்."

"நான் எங்க மாட்டினா உனக்கு இன்னா? உன் ஊசிய மொதல்ல பாரு."

இதைச் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். என் குணம் உனக்குத் தெரியும். கேள்வி சரியாக இருந்தால்தான் எனக்கு அதிகம் கோபம் வரும்.

அந்த வருஷம் நீ குத்தகைக்கு எடுத்து நவரை நெல் போட்டிருந்தாய். வாழ்க்கையில் உன் முதல் நடவு. அந்த ஐந்து நாளில்தான் அது பூத்து நின்றது. அறுப்பு நேரத்தில் பார்த்தால் பாதிக்கு மேல் பதர். ஐந்து ராத்திரி குளிரில் பூ செத்துவிட்டது என்று நீ சொன்னாய். யார் நம்பினார்கள்? ஒரே ஒரு ராத்திரிதான் குளிர், கண்டக்டருக்கு ஊசியே இழுக்கத் தெரியவில்லை, விவசாயம் எங்கே தெரியப் போகிறது என்றார்கள். உன் கூட்டாளியே எழுதியிருக்கிறானே என்று என் வரியையே உன்னிடம் காட்டினார்களாம். இதை நீ சொல்லவில்லை, வேறொருவர் சொல்லித் தெரியும்.

அதற்குப் பிறகுதான் படங்கள் வர ஆரம்பித்தன. தினமும் எட்டரைக்கு இரண்டு. இழுப்பதற்கு முன் ஒன்று, இழுத்த பின் ஒன்று. இரண்டாவதில் காந்தமும் கட்டைவிரலும் இருக்கும். போனும் வரும், ஸ்டாப் கூவுகிற குரலும் அப்படியே வரும். ஆனால் "ஊசி இழுத்தாச்சாபா" என்று நான் கேட்கும் இடத்தில், "போட்டோ பாத்துக்க" என்று சொல்லிவிடுவாய். முதலில் விளையாட்டு என்று நினைத்தேன். ஒரு மாதம் ஆனதும் விளையாட்டு இல்லை என்று புரிந்தது. வேண்டாம்பா, விடு என்று ஒருநாள் சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பாய். சொல்லவில்லை. படங்களில் உன் காலை எண் என் எண்ணைவிட எப்போதும் குறைவாகவே இருந்தது. சந்தேகம் வராமல் இல்லை. ஆணியிலிருந்து கழற்றி ஒரே ஒரு ராத்திரி மரத்தில் மாட்டினால் போதும், தெரிந்துவிடும். தெரிந்துவிடும் என்பதால்தான் மாட்டவில்லை.

போன வருஷம் ஐப்பசி மழையில் ஒருநாள் படம் வரவில்லை. ஒன்பது மணிக்கு நானே போன் செய்தேன். உன் மனைவி எடுத்தாள். நெஞ்சுவலி, விடிவதற்குள் முடிந்துவிட்டது என்றாள். ஈரக் கல்லறையில் மூன்று கை மண் போட்டுவிட்டு, சேறு ஒட்டிய செருப்போடு பஸ் ஏறி வந்தேன். மறுநாள் எட்டரைக்குப் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அடுத்த நாளும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

இந்த மாசிக் கடைசியில் மறுபடியும் அதே மாதிரி ஆனது. மத்தியானம் கரும்புச் சோகை மொறுமொறு என்று காய்கிறது, விடியலில் பல் கிட்டுகிறது. போன வாரம் ஒருநாள் ஆறு மணிக்கு மோட்டார் போட்டுவிட்டு, துண்டைப் போர்த்திக்கொண்டு கொட்டகைச் சுவரில் சாய்ந்தேன். முதுகுக்கு இதமாக இருந்தது. அம்மாடி என்று கண்ணை மூடினேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. சுற்றிலும் குளிர், சுவர் மட்டும் எப்படிச் சூடாக இருக்கிறது? உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். நேற்றைய சாயங்கால வெயில் முழுக்க அந்தச் செங்கல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. கைக்கு ஒரு சாண் மேலே என் தெர்மாமீட்டர் தொங்கியது. இருபது காட்டியது.

அன்று ராத்திரிக்கு வேப்பமரத்தில் மாட்டினேன். காலையில் பதினேழு. மறுபடி சுவரில் மாட்டினேன், இருபது. திரும்ப மரத்தில், பதினேழு. அந்த மூன்றாவது காலை, தோட்டத்தின் நடுவில் நின்றுகொண்டு அழுதேன். என்னைத் தவிர அங்கே ஒரு காக்கைகூட இல்லை, வெட்கப்படத் தேவை இருக்கவில்லை.

பழைய நோட்டை எடுத்து, முருங்கையில் எடுத்த முதல் நாளை விட்டு மற்ற நான்கு நாளுக்கு எதிரே எழுதினேன்: இவை சுவரின் எண்கள், நண்பன் எடுத்ததே சரி. குழுவிலும் அதையே போட்டேன். நம் காலத்து ஆட்கள் இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவர், "யாரு சார் அவரு?" என்று கேட்டிருந்தார்.

நேற்று பஸ் மாறி வில்லியனூர் போனேன். உன் மனைவி ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டே கதவைத் திறந்தாள்.

"இன்னாண்ணே இந்த வெயில்ல. வூட்ல எல்லாம் நல்லாருக்காங்களா?"

தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, ஒன்றும் மிச்சம் வைக்காமல் சொன்னேன். சுவரைச் சொன்னேன், நீ கேட்டதையும் நான் எரிந்து விழுந்ததையும் சொன்னேன். நெல் பதரானது அவன் தப்பில்லை, ஐந்து ராத்திரியும் குளிர்தான் என்றேன். அவள் குனிந்து மணிகளையே உருட்டிக்கொண்டிருந்தாள்.

"நானுந்தான் திட்டனேண்ணே. ஒழுங்கா ஒரு ஊசிய இழுக்கத் தெர்ல, ஒனக்கு இன்னாத்துக்கு நெல்லுன்னு. எந்திரிச்சி பின்னாடி போயிட்டாரு." மணிகளை உருட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "இத அவுரு இருக்கசொல்ல வந்து சொல்லிருக்கலாமேண்ணே."

தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தேன்.

பின்னால் கூட்டிப்போனாள். கொய்யா மரத்தில், காய்கறிப் பெட்டிக்கு வெள்ளையடித்து நீ செய்த கூண்டு, உள்ளே தெர்மாமீட்டரோடு அப்படியே தொங்குகிறது. நாலு பக்கமும் காற்றுப் போகும்படி, எந்தச் சுவருக்கும் எட்டாத தூரத்தில். சொல்லிக் கொடுத்தபடி ஒழுங்காகச் செய்தவன் நம்மில் நீ ஒருவன்தான். பழக்கத்தில் சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்துவிட்டேன்.

"தொடாதண்ணே" என்றாள். "கடசியா அவுரு கையால இழுத்து வுட்டது. அப்படியே நிக்கிது. யாரையும் தொட வுடல."

குனிந்து பார்த்தேன். குளிர் ஊசி பதினாறில் நின்றது, வெயில் ஊசி முப்பத்தெட்டில். அந்த ஐப்பசி மழையில் நீ இரண்டையும் இருபத்துநாலு, இருபத்தைந்தில்தான் விட்டிருப்பாய். கடைசிப் படத்தில் அப்படித்தான் இருக்கிறது. மார்கழிக் குளிர் ஒன்றைத் தள்ளியிருக்கிறது, இந்த மாதத்து வெயில் மற்றதைத் தள்ளியிருக்கிறது. நீ இல்லாத நாட்களின் குளிரும் வெயிலும்தான் அங்கே நிற்கின்றன. இழுத்த ஊசியை இழுக்கவில்லை என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். நிஜமாகவே இழுக்காத ஊசிக்கு முன்னால் நின்றுகொண்டு, "ஆமாம்மா, அப்படியே நிக்கிது" என்றேன். காந்தத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பேத்தியின் படங்களை மகளுக்கே அனுப்பிவிட்டு அழித்தேன். போன் கொஞ்சம் மூச்சு விட்டது. உன் விரல் இருக்கட்டும்.

என் தெர்மாமீட்டர் இப்போது வேப்பமரத்தில்தான் இருக்கிறது. இன்று காலை எட்டரைக்குப் பதினெட்டு. இழுப்பதற்கு முன் ஒரு படம் எடுத்தேன், இழுத்த பின் ஒரு படம் எடுத்தேன். என் கட்டைவிரலும் விழுந்திருக்கிறது. அனுப்ப ஆள் இல்லை, இழுத்தாச்சா என்று கேட்கவும் ஆள் இல்லை. இழுத்தாச்சிபா என்று சொல்லிவிட்டு நோட்டை மூடினேன்.