பார்லி வயல் வழியே

ஓக்ஸ்கோம், 4 ஜூன் 1951

அன்புத் தம்பி ஆம்புரோஸுக்கு,

நலம்தானே? ஊர்ப் பம்புக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. இந்தத் தூரத்துக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது, வெட்கக்கேடு.

அம்மாவுக்கு இனி அதிக நாள் இல்லை என்கிறார் டாக்டர். நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை ரோட்டு வழியா தூக்கிட்டுப் போகாதே. வயல் வழியா சர்ச்சுக்குக் கொண்டு போ. அந்தக் காலத்துல தூக்கிட்டுப் போறவங்க பெட்டியை இறக்கி இளைப்பாறுவாங்களே, அந்தச் சவப்பெட்டிக் கல்லுல ஒரு நிமிஷம் இறக்கி வை" என்றாள். அந்த வயல் வாசலைத்தான் நீ பூட்டி வைத்திருக்கிறாய். ஒரே ஒரு நாள் திறந்துவிடு.

அம்மாவைப் பார்க்க வா. இஞ்சிக் கேக் இருக்கிறது, கோபத்தோடே தின்னலாம்.

உன் அக்கா,
ஹெஸ்டர்

6 ஜூன்

அக்கா,

கேக்கைக் காட்டி மயக்க நான் பள்ளிக்கூடப் பையனா? அம்மாவைப் பார்க்க வருகிறேன். வயல் மட்டும் முடியாது.

பிணம் போன வழி பொதுவழி ஆகிவிடும் என்று இந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். போன மாதம் ஊரார் வருஷா வருஷம் ஊரெல்லையைச் சுற்றி வரும் எல்லை நடையில், கம்பால் எல்லைக் கற்களை அடித்துக்கொண்டே வந்த கூட்டம் என் வாசலில் நின்று திற என்றது. திறக்கவில்லை. பிணம் போனால் பொதுவழி என்றொரு சட்டமே கிடையாது என்கிறார் பாதிரியார். அவரா பார்லி விதைக்கிறார்? பெரிய வீட்டாரிடமிருந்து அந்த நிலத்தை வாங்க நானும் மார்த்தாவும் கல்யாணமான நாளிலிருந்து வாயைக் கட்டி வயிற்றைக் கட்டினோம்.

ரோட்டு வழியே கொண்டு வா. தோள் கொடுக்கிறேன்.

ஆம்புரோஸ்

11 ஜூன்

தம்பி,

காலையில் அம்மா போய்விட்டாள்.

நேற்று நீ வந்து தலைமாட்டில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனாய். உனக்கு வலிக்குமே என்று அவள் வயல் பேச்சையே எடுக்கவில்லை. நீ போன பிறகு என்னிடம், "டோபி போன வழியா நானும் போறேன். பிள்ளை அந்தப் பனியில தனியாப் போனான்" என்றாள்.

பெரும்பனி விழுந்த அந்த வருஷம் ரோடு மூடிக் கிடந்தது. உன் மகன் டோபியின் சின்னச் சவப்பெட்டியைக் கையில் ஏந்தி அந்த வயல் வழியேதான் நீ போனாய். அம்மா பின்னால் வந்தாள். ஊருக்குத் தெரியாது. நான் வாய் திறந்ததில்லை, இனியும் திறக்க மாட்டேன். ஆனால் நீ நம்புவது நிஜமானால், அந்த வழியைப் பொதுவழி ஆக்கியது நீதானடா.

வியாழக்கிழமை காலை புறப்படுகிறோம். வாசல் பூட்டியிருந்தால் அங்கேயே அம்மாவை இறக்கி வைத்துவிட்டு நிற்பேன். ஊர் பார்க்கட்டும்.

ஹெஸ்டர்

13 ஜூன்

அக்கா,

உன் கடிதத்தை மார்த்தாவிடம் காட்டவில்லை. மேசையிலிருந்து அவளே எடுத்துப் படித்துவிட்டாள். அரிவாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

வாசல் கதவையே கீலிலிருந்து கழற்றிவிட்டேன். தூக்கி வருகிறவர்கள் தடுமாறாத அகலத்துக்குப் பச்சைப் பார்லியை இரண்டு பேருமாக அறுத்தோம். கல்லை மூடியிருந்த முள்ளையும் வெட்டியாயிற்று. பிறகு ஊர் நடந்தால் நடக்கட்டும்.

முன்பக்கம் இடது தோள் என்னுடையது. வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே.

கல்லுக்குப் பக்கத்தில் மட்டும் எல்லோரையும் மெதுவாக நடக்கச் சொல். அன்று அந்த இடத்தில் எனக்குக் கால் வழுக்கியது. அம்மாதான் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்.

உன் தம்பி,
ஆம்புரோஸ்