மூட்டைப் புண் அல்ல

மட்டாஞ்சேரி
3 ஜூன் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் தோர்த்துத் துண்டில் ரத்தம் இருந்தது. இடது தோள் படும் அதே இடத்தில், இந்தத் தடவை தொடர்ந்து நாலாவது நாளாக. முகம் பார்த்துக் கேட்க எனக்கு வாய் வராது. அதனால் சோற்றுப் பாத்திரத்தின் மேலே இந்தத் தாளை வைக்கிறேன்.

போன மாதம் டாக்டர், உங்களுக்கு ரத்தம் ஏழு பாயிண்ட்தான் என்றார். "எங்கேயாவது ரத்தம் போகுதா?" என்று கேட்டார். நீங்கள் இல்லை என்றீர்கள். சட்டையைக் கழற்றவில்லை. மாத்திரை எழுதினார். அப்போதே கறையைப் பார்த்திருந்தும், பக்கத்தில் நின்ற நானும் வாய் திறக்கவில்லை.

அது என்ன புண், அப்பா?

மீன் பொரித்தது அடித்தட்டில் இருக்கிறது.

உங்கள் சுபாஷிணி

*

குடோன் ஷெட்
3 ஜூன்

மகள் சுபாவுக்கு அப்பா எழுதுவது.

மீன் நன்றாக இருந்தது, உப்புதான் கூட. மிளகுச் சாக்கு சுமக்கிறவன் தோள் வேறெப்படி இருக்கும்? நாலு வருஷமாக இருக்கிறது. பொருக்குத் தட்டும், உதிரும், கசியும். வலி கிடையாது. டாக்டர் கேட்டது வயிற்றில் போகிற ரத்தத்தை. மூட்டைப் புண்ணையெல்லாமா சொல்வார்கள்? இங்கே யார் எப்போது சுமப்பது என்று முறை போடுகிற நிகில்கூட, "அழகரண்ணா, அது நம்மட மெடலாக்கும்!" என்று சிரிப்பான்.

மாத்திரை தின்கிறேன். போதும்.

அப்பா

*

மட்டாஞ்சேரி
11 ஜூன்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஞாயிறு மத்தியானம் நீங்கள் தூங்கும்போது தோளைப் போட்டோ எடுத்தேன். திட்டுங்கள். நேற்று அதே டாக்டரிடம் தனியாகப் போனேன். என் நம்பரைக் கூப்பிட்டபோது இரண்டு தடவை எழுந்திருக்கவில்லை. மூன்றாவது தடவை உள்ளே போய்விட்டேன்.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். "மோளே, இது தோல்ல வர்ற கேன்சர் மாதிரி இருக்கு. சதை எடுத்துப் பார்த்தாத்தான் உறுதி. நாலு வருஷம் இப்படிக் கசிஞ்சா ரத்தம் எப்படி நிக்கும்? மாத்திரை ஊற வைக்கிற ரத்தம் புண்ணு வழியாப் போகுது" என்றார். மெதுவாகத்தான் வளருமாம். இப்போது வெட்டி எடுத்தால் பிழைக்கலாம், விட்டால் எலும்பைத் தொடுமாம்.

வியாழக்கிழமை தோல் டாக்டர் வருவார். வாருங்கள்.

சுபாஷிணி

*

ஷெட்
11 ஜூன்

சுபா,

அந்த வார்த்தையை இனி எழுதாதே. எங்களோடு மூட்டை சுமந்த பள்ளுருத்தி இசக்கிதுரை குடலிறக்கம் என்று ஒரு மாதம் படுத்தான். அவன் முறை திரும்பக் கிடைக்கவே இல்லை. இப்போது லாட்டரி விற்கிறான். பன்னிரண்டு வருஷம் காத்திருந்து வாங்கிய முறை இது. ஷெட்டில் ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. ஒன்பதோடு படிப்பை நிறுத்தினவள் எனக்கு வைத்தியம் பார்க்க வேண்டாம்.

அப்பா

*

ஷெட்
13 ஜூன், காலை

அப்பா,

ஒன்பதோடு நிறுத்தினவள்தான் எழுதுகிறேன். இன்று பாத்திரத்தில் வைக்கவில்லை. நீங்கள் சாயா குடிக்கப் போன நேரத்தில் ஷெட்டுக்கே வந்துவிட்டேன். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். போட்டோவை நிகில் சேட்டனிடம் நீட்டி, டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். எல்லோருக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அவர் சிரிக்கவில்லை. "முறையைப் பத்தி யூனியன் கமிட்டிதான் சொல்லணும். நான் வாக்குத் தர முடியாது, சுபா" என்றார். தெரிந்துதான் சொன்னேன். முறை போனால் போகட்டும். உங்களைப் போகவிட மாட்டேன். அன்றைக்கு டாக்டர் முன்னால் பேசாமல் நின்றவளும் நான்தான். இனி அப்படி நிற்க மாட்டேன்.

இன்றைய முறை எழுதிய பலகையில் உங்கள் பெயரை நானே கையால் அழித்தேன். இந்தத் தாளை நிகில் சேட்டனிடம் கொடுத்துவிட்டு, தோல் டாக்டரிடம் நாம் போக வாசலில் நிற்கும் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொள்கிறேன்.

சுபாஷிணி