படத்தில் இல்லாத மடு

2-3-1943, செவ்வாய்
கூப்புப் படத்துக்கு வண்ணம் தீட்டி முடித்தேன். வாழப்பாடிப் பக்கத்துக் காட்டில் இனிப் பத்து வருஷத்துக்கு எங்கே, எப்போது மரம் வெட்டுவது என்ற திட்டம்; வருஷத்துக்கு ஒரு கூப்பு, அதாவது ஒரு வெட்டுப் பகுதி. ஓடைக்கரை இருபுறமும் இரண்டு சங்கிலி, நூற்றுமுப்பது அடி போல, வெட்டக் கூடாது; அது பச்சை. படத்தை ஊர்ச் சாவடிகளில் ஒட்டுவார்கள். ஆட்சேபத்துக்குக் கெடு 31 வரை. ரேஞ்சர் வெங்கடாசலம், "எழுத்து முத்து முத்தா இருக்குய்யா" என்றார்.

11-3, வியாழன்
அடிவாரத்து ஊரிலிருந்து ஆத்தாயி என்றொரு அம்மாள் ஆபீசுக்கு வந்தாள்.
"படத்துல எங்க மடுவக் காணோமே சாமி. அந்த எடத்துல ஏழாங் கூப்புன்னு பாரஸ்டு கார்டு காட்டுறாரு."
மாசியில் ஓடை வற்றினால் மீனெல்லாம் அந்த ஒரு மடுவில்தான் ஒடுங்கிக் கிடக்குமாம். நாவல், நீர்மருது நிழலில் தண்ணீர் காயாது. மழை வந்து மடுவின் நடுப்பாறை முழுகும் வரை யாரும் வலை போடக் கூடாதென்று ஊர்க்கட்டு. ஏரிக்கு மீன் இறங்குவது அங்கிருந்துதான்.
"மரம் போச்சுன்னா மீனு வெந்து செத்துரும் சாமி."
விசாரிக்கிறேன் என்றேன்.

12-3
இங்கேயாவது எழுதுகிறேன். நான் அந்த ஓடையைப் பார்த்ததே இல்லை.
இரண்டு வருஷம் முன் அளக்கப் போகவேண்டிய வாரத்தில் காய்ச்சல். பழைய படத்தின் மேல் படியெடுக்கும் மெழுகுத் துணியை விரித்து அப்படியே வரைந்தேன். கீழே 'நேரில் பார்த்துச் சரிபார்த்தது' என்று கையெழுத்து வேறு. எல்லோரும் செய்வதுதானே? அந்த அம்மாள் சொல்வதைப் பார்த்தால், நடுவில் ஏதோ வெள்ளத்தில் ஓடை தெற்கே திரும்பியிருக்கிறது. பச்சை தீட்டி நான் காப்பாற்றியிருப்பது வெறும் மணல்!

15-3
 பியூன் "ஐயா கூப்பிடுறாரு" என்றாலே அந்தப் படத்துக்காகத்தான் என்று நினைத்துக்கொள்கிறேன். நெசவுத் தறிக்குழியை விட்டு எங்கள் வீட்டில் வெளியே வந்தவன் நான் ஒருத்தன்.

19-3
ஆத்தாயி மனுவோடு வந்தாள். ரேஞ்சர் என் கையெழுத்தை விரலால் தட்டி, "நேர்ல பாத்துத்தான் போட்டிருக்கு, மடு கிடையாது" என்றார்.
அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க வந்து பாத்தீங்களா சாமி?"
ஆமென்று தலையாட்டினேன். சீ.

27-3
வீட்டில் கமலவேணியிடம் சொல்லிவிட்டேன். "ஏனுங்க, மீனுக்காகவா வேலைய விடப்போறீங்க?" என்று அழுதாள். நான் மீனே தின்னாதவன்! பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டு வந்து, "அந்தம்மாளுக்குத் தெரிஞ்சிருக்குமுங்களா, நீங்க சொன்னது பொய்யின்னு?" என்றாள். அதுதான் எனக்கும் பயம்.

31-3, புதன்
மூன்று வரி எழுதி ரேஞ்சர் மேசையில் வைத்தேன். 'இடத்தைப் பார்க்காமல் கையெழுத்திட்டேன், மடு இருக்கிறது, தவறு என்னுடையது.' படித்தார். கதவைப் பார்த்தார்.
"எடுத்துக்கிட்டுப் போயிரு. நான் பாக்கல."
கை நீண்டது. காகிதத்தைத் தொட்டும்விட்டேன். பிள்ளைகள் முகம்— ஐயோ, எடுத்துவிடுவேனோ என்று கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

8-10, வெள்ளி
செவ்வாய்ப்பேட்டை ஜவுளிக்கடை மூட்டைகளோடு கரியில் ஓடும் பஸ்ஸில் வாழப்பாடி வந்தேன். அந்த வேலை போய், இப்போது மூட்டைக்கு விலாசம் எழுதுவதுதான் பிழைப்பு. கால் தானாக அடிவாரத்து ஊருக்கு நடந்தது. சாவடியில் புதுப் படம். பச்சை தெற்கே வளைந்து மடுவைச் சுற்றிப் போகிறது. கீழே வேறு யாருடைய கையெழுத்தோ.
பின்னால் ஆத்தாயி நின்றிருந்தாள். எத்தனை நேரமாகவோ தெரியவில்லை.
"நீங்க மடுவப் பாத்ததில்லதான சாமி?"
"இல்லைங்க" என்றேன்.
"வாங்க, நடுப்பாற முழுகிருச்சு" என்று முன்னால் நடந்தாள்.