வால் அறுந்த ஓணான்

1931 ஜூலை 5, ஞாயிறு

காலையில் தண்டையார்பேட்டையில் ஒரு சாவு வீடு. கிழவரை நாற்காலியில் உட்காரவைத்து, தாடையை நிமிர்த்திக் கட்டி, பேரப்பிள்ளைகளைச் சுற்றி நிறுத்திப் படம் எடுத்தேன். பிள்ளைகள் ஆடிவிட்டார்கள். கிழவர் மட்டும் தெளிவாக விழுந்திருப்பார். கல்யாணம் என்றால் ஸ்டூடியோ முதலாளி மதார் சாகிப் தானே கிளம்புகிறார். சாவு என்றால், "வரதா, பொட்டிய தூக்கு."

வீட்டில் பட்டம்மாளுக்கு எட்டாம் மாதம். கேமராவை வாசலிலேயே வைக்கச் சொல்கிறாள். "உள்ள எடுத்தாராதய்யா. வயிறு கலங்குது."

எனக்குக் கலங்கவில்லையா? போன வருஷம் எங்கள் ஆறு மாதக் குழந்தையை இதே கேமராவில் எடுத்தேன். அந்த வாரமே ஜுரத்தில் போய்விட்டது. உன் கைதான் காரணம் என்று அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொல்லித் தொலைத்தாலாவது தேவலை.

ஜூலை 9

காலேஜ் வாத்தியார் ஜேக்கப் கடைக்கு வந்தார். ஓணான், அரணை எல்லாம் அவை வாழும் இடத்திலேயே, உயிரோடு இருக்கும் படங்கள் வேண்டுமாம். சாகிப் சிரித்தார்: "ஓணானுக்கா சார்! இது இன்னா பேஜாரு!" நான் போகிறேன் என்றேன். உயிருள்ள ஒன்றை எடுத்துப் பட்டம்மாளிடம் காட்ட வேண்டும். அது அவளுக்காகவா, எனக்காகவா?

ஜூலை 12

எண்ணூர், உப்பங்கழியோரம் சவுக்குத் தோப்பு. லென்சு மூடியைக் கழற்றுவதற்குள் ஓடிவிடுகின்றன. கடைசியில் ஈர்க்கில் சுருக்குப் போட்டு ஒன்றைப் பிடித்தேன். கிளையில் வைத்து, நூலால் கழுத்தைக் கட்டி, தாடையை நிமிர்த்தி — சாவு வீட்டுக் கை, தானாகச் செய்தது. எடுத்து முடித்து நூலை அவிழ்த்தேன். பொத்தென்று விழுந்தது.

ஐயோ, இதுவுமா?

ஜூலை 14

வாத்தியார் படத்தைப் பார்த்ததும், "உயிரோட இருக்கிறது இப்படி உட்காராது. கட்டினீங்களா?" என்றார். ஒப்புக்கொண்டேன். இன்னொரு தடவை முயன்று பாருங்கள் என்றார்.

ஜூலை 19

சுருக்கு இல்லை, நூல் இல்லை. கறுப்புத் துணிக்குள் வெந்துகொண்டே இருந்தேன். வெயில் சாயும்போது வால் நுனி அறுந்த பெட்டை ஒன்று அடிமரத்தில் ஏறி, என்னைப் பார்த்தபடி நின்றது. மூடியைத் திறந்தேன். சனியன், தலையை ஆட்டிவிட்டது! தலை கலங்கித்தான் விழும். கடையில் என்றால் இந்தக் கண்ணாடித் தகட்டைக் குப்பையில் போட்டிருப்பேன்.

ஜூலை 20

தலை கலங்கிய அந்தப் படத்தைத்தான் வாத்தியார் எடுத்துக்கொண்டார். எனக்குச் சந்தோஷமே இல்லை. அந்த வால் அறுந்தது இன்னும் உயிரோடு இருக்கிறதா?

ஜூலை 21

வேலை முடிந்து ரயிலேறிப் போய்ப் பார்த்தேன். இருக்கிறது.

ஜூலை 23

காணோம். மரம் மரமாகத் தேடினேன். காக்காய் கொத்தியிருக்குமா? நான் எடுத்ததால்தானா?

"தெனம் எண்ணூர்ல இன்னா வேல உனுக்கு?" என்று பட்டம்மாள் பிடித்துக்கொண்டாள். செத்த ஓணான், காணாமல்போன ஓணான், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அழுதும்விட்டேன். அவள் சிரிக்கவில்லை. "அது உசுரோட கீதா இல்லியானு பாத்துட்டு வந்து சொல்லு" என்றாள். அவள் முகமும் வெளுத்திருந்தது.

ஜூலை 26

இருக்கிறது! மழையில் நனைந்த மணலில் குழி பறித்து முட்டையிட்டுக்கொண்டிருந்தது. முடித்ததும் மண்ணைத் தள்ளி மூடி, மூக்கால் அழுத்தி அழுத்திச் சமன் செய்தது. கேமரா தோளில் இருந்தும் படம் எடுக்கத் தோன்றவில்லை.

ஓடிவந்து சொன்னேன். "முட்ட வுட்டுச்சா? நெசமாவா?" பட்டம்மாள் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

ஆகஸ்ட் 20

பெண் குழந்தை. இருவரும் சுகம். கேமராவைக் கடையிலேயே பூட்டி வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 6

"பொட்டிய எடுத்தாய்யா," என்றாள் பட்டம்மாள். வேண்டாம் என்றேன். "அந்த ஓணான் செத்தா பூட்ச்சு? எடுய்யா." எடுத்தேன். குழந்தை ஒரே உதை.

செப்டம்பர் 8

தகட்டைக் கழுவினேன். முகம் தெரிகிறது, கையும் காலும் வெறும் புகை. "ஆடிப்போச்சு, வேற எடு" என்றார் சாகிப்.

இவ்வளவு நாள் தொடாமல் வைத்திருந்த மூத்தவளின் தகட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு விரல்கூட ஆடவில்லை. ஆறு மாதக் குழந்தை. அன்றைக்குச் சமத்து, சமத்து என்று கொஞ்சினோம்.

இரண்டையும் பட்டம்மாளிடம் கொடுத்தேன். மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பவே முடியாமதான் கெடந்துகீது கொயந்த. நமக்குத் தெர்ல." என் தோளில் சாய்ந்து அழுதாள்.

கேமரா வாசலில் இருந்தது. மழையில் நனையும் என்று அவளே தூக்கிவந்து உள்ளே வைத்தாள்.